காதலுரையின் மெய்ம்மை
கோவலன் கூறிய இரு பாராட்டுகள்

காதல்மொழி கூறுவோர் அதனை மனமறிந்துதான் கூறுகின்றனரா என்னும் வினா மிகப் பழையது. எனினும் இன்றைய இளைஞர் உலகில் அது முன்னினும் மிகுதியாக எழுகின்றது. காதலைச் சொல்லுதற்குரிய சொற்றொடர்களைத் திரைப்படப் பாடல்களும் தொடர்கதைகளும் வேண்டுமளவு வழங்கியுள்ளன. கைப்பேசி வழியே அச்சொற்களை அனுப்புதற்கு ஒரு நொடிப்பொழுதும் வேண்டுவதில்லை. சொல்லுதல் எளிதாகிய அளவிற்குச் சொல்லப்பட்டதை நம்புதல் அரிதாகிவிட்டது. இவ்வினாவிற்கு விடை காணத் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. நாம் வகுப்பறையிற் பயிலும் சிலப்பதிகாரம் இவ்வினாவைத் தன் கதையின் நடுவே வைத்துப் போற்றி வருகின்றது.

சிலப்பதிகாரத்திற்கு முன்னரும் இவ்வினாவைத் தமிழ்ச் சான்றோர் எண்ணிப் பார்த்துள்ளனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியல், திருமணக் கரணம் தோன்றிய காரணத்தைக் கூறுகின்றது. மக்களிடையே பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அதன் கருத்து. களவொழுக்கத்தில் உறுதி கூறிய தலைவன் பின்னர் அதனை இல்லையென மறுத்தல் பொய் என்றும், கூறியவாறு ஒழுகாது வழுவுதல் வழு என்றும் உரையாசிரியர் விளக்குவர். ஆகவே, காதலுரை பொய்த்தல் கூடும் என்பதை நம் இலக்கண நூலே ஒப்புக்கொண்டு, அதற்கு மருந்தாகவே திருமணத்தைக் காண்கின்றது. அம்மருந்தும் பயன்படாவிடத்து என் செய்வது? இங்கேதான் இளங்கோவடிகளின் காப்பியம் தொடங்குகின்றது எனலாம்.

கோவலன் கண்ணகியரின் மணம் களவில் நிகழ்ந்ததன்று. பதினாறு வயது வணிக இளைஞனுக்கும் பன்னிரண்டு வயது வணிக மகளுக்கும் பெற்றோர் கூடி நிகழ்த்திய மணம் அது. முதுபார்ப்பான் மறைவழி காட்ட, இருவரும் தீவலம் வந்தனர். வாழ்த்திய மகளிர், காதலர் பிரியாதிருத்தல் வேண்டும், தழுவிய கை நெகிழாதிருத்தல் வேண்டும் என்று வாழ்த்தினர். தொல்காப்பியம் கூறிய கரணம் குறைவற நிறைவேறியது. எனினும் மூன்றாம் காதை முடிவதற்குள் கோவலன் வேறொரு வாயிலுள் நுழைந்துவிடுகின்றான். கரணம் காதலைக் காத்துத் தரும் என்னும் நம்பிக்கையைக் காப்பியம் தன் தொடக்கத்திலேயே அசைத்துவிடுகின்றது.

கோவலனைப் பற்றி மாணவர் எழுதும் விடைகளில் இருவகைத் தீர்ப்புகள் பெரும்பாலும் காணப்படும். 'கண்ணகியைப் பாராட்டியபொழுது கோவலன் நடித்தான். அவன் சொற்கள் யாவும் போலி' என்பது ஒன்று. 'அவன் உள்ளத்தில் குற்றமில்லை. ஊழ்வினையே அவனைப் பிரித்தது' என்பது மற்றொன்று. ஆசிரியராகிய நாமும் இவற்றுள் ஒன்றை ஏற்று மதிப்பெண் வழங்கி அமைகின்றோம். இவ்விரு தீர்ப்புகளும் காப்பியத்தோடு பொருந்துவன அல்ல என்பது என் கருத்து. முன்னது கோவலனின் உள்ளத்தை மறுக்கின்றது. பின்னது அவனுடைய பொறுப்பை மறுக்கின்றது. இளங்கோவடிகளோ இரண்டையும் மறுத்தாரல்லர்.

முதற் பாராட்டு

மனையறம் படுத்த காதையில், எழுநிலை மாடத்தின் இடைநிலத்தே கோவலனும் கண்ணகியும் வீற்றிருக்கின்றனர். தென்றல் வீசுகின்றது. கோவலன் கண்ணகியின் தோளில் கரும்பும் வல்லியும் எழுதுகின்றான். பின்னர் அவள் முகம் நோக்கிப் பாராட்டத் தொடங்குகின்றான். இறைவன் தன் பிறையை அவளுக்கு நுதலாகத் தந்தான் என்கின்றான். காமன் தன் வில்லைப் புருவமாகவும், இந்திரன் தன் படைக்கலத்தின் இடையை அவள் இடையாகவும், முருகன் தன் வேலைக் கண்ணாகவும் தந்தனர் என்கின்றான். மயிலும் அன்னமும் அவளுக்குத் தோற்று அகன்றனவாம்; கிளி அவள் மொழியைக் கற்க அவளை நீங்காதிருந்ததாம். இயற்கை எழில் இருக்க, ஏவல் மகளிர் அணிகலன்களை ஏன் பூட்டினர் என்றும் வினவுகின்றான். பொன், முத்து, மணம், கரும்பு, தேன் என்று உலகத்து இனியவை யாவும் அவளுக்கு முன் வரிசையாக வந்து நிற்கின்றன.

இப்பாராட்டு பொய்யா? பொய் எனக் கொள்ளுதற்கு இளங்கோவடிகள் இடம் வைத்தாரில்லை. இதனைக் கூறுமுன் கோவலனின் காதல் தீராத காதல் என்று கவிஞர் தம் கூற்றாகவே மொழிகின்றார். கதைமாந்தர் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்வதை நாம் ஐயுறலாம். ஆசிரியர் கூற்றை அவ்வாறு ஐயுறுதல் இயலாது. ஆகவே அந்த நிலாமுற்றத்தில் கோவலன் உணர்ந்ததையே உரைத்தான். அதனை நாம் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆயின் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அரங்கேற்று காதையில் மாதவியின் பச்சை மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்துக் கூனியிடம் பெற்ற கோவலன், அவள் மனை புகுந்து தன் மனையை மறக்கின்றான். அவ்விடத்தும் கவிஞர், மாதவியை விட்டு நீங்குதலை அறியாத விருப்பினன் அவன் என்ற கருத்தையே அமைக்கின்றார். கண்ணகியிடத்துத் தீராத காதல். மாதவியிடத்து நீங்காத விருப்பம். இரண்டும் முடிவில்லாதவை எனக் கூறப்பட்டன, இரண்டும் முடிந்தன. கவிஞர் அறியாது செய்த கூறியது கூறலா இது? அன்று. உணர்ச்சி மேலோங்கி நிற்கும்பொழுது அதற்கு எல்லை தெரிவதில்லை. அந்நிலையில் 'என்றும்' என்று கூறுபவன் பொய்யனல்லன். ஆயினும் 'என்றும்' என்பது அவன் அறிந்த பொருளன்று.

முதற் பாராட்டில் மற்றொன்றையும் மாணவர் நோக்குதல் வேண்டும். அதில் கண்ணகியின் நுதல் உண்டு, புருவம் உண்டு, கண் உண்டு, நடை உண்டு, மொழி உண்டு. அவள் எதனை எண்ணுகின்றாள், எதற்கு அஞ்சுகின்றாள், எதனை விரும்புகின்றாள் என்பது பற்றி ஒரு குறிப்பும் இல்லை. அவளும் அக்காதையில் ஒரு சொல்லேனும் பேசுவதாக அடிகள் அமைத்தாரில்லை. கோவலன் தன் கண் பெற்ற இன்பத்தைப் பாராட்டினான். அக்கண்முன் இருந்தவளை இன்னும் அறிந்தானில்லை.

நடிப்பென்று ஐயுற்றவன்

காதலுரை மெய்யா என்று வினவப்பட வேண்டிய கோவலனே, பிறிதொருத்தியின் காதலுரையை நடிப்பென்று தள்ளுவது இக்காப்பியத்தின் பெருமுரண். இந்திரவிழாவின் இறுதியில் புகார்க் கடற்கரையில் இருவரும் யாழிசைத்துப் பாடுகின்றனர். கோவலன் பாடியதைக் கேட்ட மாதவி, இவன் உள்ளத்தில் வேறொருத்தி இருக்கின்றாள் போலும் என்று ஐயுற்றுத் தானும் வேறொரு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். கோவலன் அதனை மெய்யெனக் கொண்டு எழுந்து போகின்றான். அவர்கள் பாடியவை கடற்கரைக்குரிய மரபுப் பாடல்கள். பாட்டினுள் பேசும் தலைவியும் பாடுகின்ற மாதவியும் ஒருத்தியே எனக் கொண்டது கோவலன் செய்த பிழை. இலக்கியம் பயில்வோர் இன்றும் இப்பிழையைச் செய்வதுண்டு. கவிதையில் வரும் 'நான்' கவிஞனே என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவர்.

அதன்பின் மாதவி தாழை மடலில் எழுதிய முடங்கலை வசந்தமாலை கொண்டு வருகின்றாள். கோவலன் அதனை வாங்க மறுக்கின்றான். மாதவி தன்னிடம் அன்பு காட்டிய நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எண்வகை வரிக்கூத்துகளாகப் பெயரிட்டு, ஆடல் மகளுக்கு இவை இயல்பே என்று கூறிவிடுகின்றான். சொல்லை அவன் ஆராய்ந்தானில்லை. சொன்னவளின் குலத்தொழிலைக் கொண்டு தீர்ப்பு வழங்கினான். ஒருவர் அன்பை நாம் ஐயுறும்பொழுது பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றோம். அவர் இன்னார் மகன், இன்ன தொழிலர், இன்ன வழக்கமுடையவர் என்பவற்றைக் கொண்டு அவர் உள்ளத்தை அளந்து விடுகின்றோம்.

அத்தீர்ப்புத் தவறென்பதைக் காப்பியம் இருமுறை நிறுவுகின்றது. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொணர்ந்த மாதவியின் இரண்டாம் முடங்கலைக் கோவலன் படிக்கின்றான். தான் செய்த பிழை யாதென அறியாமல் அவள் பொறுத்தருள வேண்டுகின்றாள். பெற்றோர்க்கும் உரைக்காது மனைவியோடு இரவிற் பிரிந்தமைக்கு வருந்துகின்றாள். படித்தவன் அவள்பால் தீதில்லை, தீது தன்னதே என உணர்கின்றான். அம்முடங்கலின் பொருள் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதாகக் கண்டு, அதனையே அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடம் தருகின்றான். பின்னர், கோவலன் இறந்த செய்தி கேட்ட மாதவி துறவு பூண்டாள். தன் மகள் மணிமேகலையையும் கணிகையர் வாழ்வினின்று விலக்கினாள். அவள் கூறியது கூத்தா, உண்மையா என்பதற்கு அவள் பின்னாள் வாழ்க்கையே சான்றாயிற்று. அச்சான்றைக் காணக் கோவலன் உயிரோடிருந்திலன்.

சொல்லாதவளின் சொல்

இனிக் கண்ணகியைக் காண்போம். கோவலன் பொருளிழந்து, நாணத்தோடு இல்லம் திரும்புகின்றான். கண்ணகி அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. முறுவல் பூத்துச் சிலம்பு இருக்கின்றது, கொள்க என்கின்றாள். அவன் மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வந்தான் என்று எண்ணியே அவள் அவ்வாறு கூறினாள் எனப் பொருள் கொள்வாரும் உளர். அவ்வாறாயின் அக்கொடையின் அருமை இன்னும் பெரிதாகின்றது. அன்றிரவே, விடியுமுன், அவள் அவனோடு புகாரை நீங்குகின்றாள். சிறிது தொலைவு நடந்ததும் மதுரை மூதூர் யாதென வினவுகின்றாள். முப்பது காதம் என்பதை ஆறைந்து காதம் என்று பிரித்துக் கூறிக் கோவலன் துயரத்தோடு நகைக்கின்றான். நடந்தறியாத அடிகள் அம்முப்பது காதத்தையும் நடந்து முடிக்கின்றன.

இதனைக் கற்பிக்கும்பொழுது நாம் ஒரு தவற்றிற்கு இடங்கொடுத்தல் கூடாது. கண்ணகி பேசாதிருந்தாள், பொறுத்தாள், ஆகவே கற்புடையாள் என்று கூறிப் பாடத்தை முடித்துவிடுவோமாயின், வகுப்பிலிருக்கும் மாணவியர் கொள்ளும் பாடம் யாது? அன்புடையவள் எதனையும் கேட்டல் ஆகாது என்பதேயன்றோ? இளங்கோவடிகள் அவ்வாறு கற்பித்தாரில்லை. கணவனைப் பெறக் குளங்களில் நீராடிக் காமனைத் தொழுமாறு தேவந்தி கூறியபொழுது, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிட்டாள். கொலைக்களக் காதையில் அவள் வாய் திறந்து பேசுகின்றாள். அறவோர்க்கு அளித்தலையும், அந்தணரைப் பேணுதலையும், துறவோரை எதிர்கொள்ளுதலையும், விருந்தினரை ஏற்றலையும் தான் இழந்து நின்றதை எடுத்துரைக்கின்றாள். மாமனும் மாமியும் வந்தபொழுது தன் துயரை மறைக்கத் தான் காட்டிய முறுவல் மெய்யான முறுவலன்று என்கின்றாள். அப்பொய்ம்முறுவலைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியதையும் கூறுகின்றாள். பின்னர், போற்றத்தகாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்று மரியாதைப் பன்மை மாறாமலே கோவலனின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே உரைக்கின்றாள். அவன் சொல்லை மாற்றாத உள்ளத்தினளாகையால் தான் உடன் எழுந்ததாகவும் கூறி முடிக்கின்றாள்.

கண்ணகி 'உம்மைக் காதலிக்கின்றேன்' என்று யாண்டும் கூறவில்லை. தான் இழந்தது இது, நீர் செய்தது இது, நான் செய்தது இது என்று மூன்றையும் மறைக்காமல் வைத்தாள். குற்றத்தை உரைத்த வாயே உடன்வந்த காரணத்தையும் உரைத்தது. அன்பு குருடாயிருந்தால் குற்றம் தெரிந்திராது. அன்பு இல்லாதிருந்தால் முப்பது காதம் நடந்திராள். காப்பியத்தில் காணும் காதலுரைகளுள் இதுவே மிக நேரியது என்பேன்.

இரண்டாம் பாராட்டு

கண்ணகி உணவு சமைத்துப் படைக்கக் கோவலன் உண்கின்றான். பின்னர் தன் வாழ்வை எண்ணி வருந்துகின்றான். பயனற்றோரொடு கூடித் திரிந்ததையும், பெரியோர் சொல்லைப் போற்றாததையும், பெற்றோர்க்குப் பணிவிடை செய்யத் தவறியதையும், இளம்பருவத்தினளான அவளுக்குத் துன்பம் இழைத்ததையும் தானே கூறுகின்றான். எழுக என்றவுடன் எழுந்தாயே, என்ன செயல் செய்தாய் என்று வியக்கின்றான். கண்ணகி மறுமொழி கூறிய பின், மீண்டும் அவளைப் பாராட்டுகின்றான். இதுவே இரண்டாம் பாராட்டு.

இரண்டாம் காதையில் நிகழ்ந்த பாராட்டையும் பதினாறாம் காதையில் நிகழும் இப்பாராட்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு மாணவரைத் தூண்டுதல் வேண்டும். இரண்டிலும் அவளைப் பொன்னே என்று அழைக்கின்றான். பழைய சொல் மாறவில்லை. ஆயினும் அதன் பொருள் மாறிவிட்டது. இப்பொழுது பிறையும் வில்லும் வேலும் வரவில்லை. சுற்றத்தாரையும், ஏவல் இளையோரையும், தோழியரையும் அவள் விட்டு வந்தது முதலில் வருகின்றது. நாணமும் மடமும் கற்பும் துணையாக அவள் தன்னோடு வந்ததும், தன் துயரைக் களைந்ததும் அடுத்து வருகின்றன. முன்பு அவளிடம் இருந்தவற்றைக் கண்டவன், இப்பொழுது அவள் இழந்தவற்றைக் காண்கின்றான். தான் அவளுக்குத் துயர் செய்தவன் என்பதையும், அவள் தன் துயர் களைந்தவள் என்பதையும் உணர்ந்து பேசுகின்றான். இப்பாராட்டு அளவிற் சிறியது. இதனை முடித்துச் சிலம்பொன்றை எடுத்துக்கொண்டு, விற்று வருகின்றேன், மயங்காதே எனக் கூறிப் புறப்படுகின்றான். துணையின்றித் தனித்து நிற்கும் அவளைக் கண்டு உள்ளம் வெதும்பி, வரும் கண்ணீரை அவளுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு செல்கின்றான். முதற் பாராட்டில் சொல் பெருகி வழிந்தது. இங்கே கண்ணீரும் மறைக்கப்பட்டது.

உண்மை, வாய்மை, மெய்ம்மை என்னும் மூன்று சொற்களையும் உள்ளம், வாய், மெய் ஆகிய மூன்றோடும் பொருத்திக் கற்பிப்பது நம் ஆசிரியர்களின் வழக்கம். அவ்வழக்கம் இங்கே பெரிதும் உதவுகின்றது. முதற் பாராட்டில் கோவலன் உள்ளத்திற் காதல் இருந்தது; ஆகவே உண்மை உண்டு. உள்ளத்தில் இருந்ததே வாயில் வந்தது; ஆகவே வாய்மையும் உண்டு. உடலால் நின்று, நடந்து, சுமந்து நிறைவேற்றும் மெய்ம்மை மட்டும் அன்று இல்லை. காதலுரை மனமறிந்து கூறப்படுகின்றதா என்னும் வினா முதலிரண்டோடு நின்றுவிடுகின்றது. பெரும்பாலோர் மனமறிந்தே கூறுகின்றனர் என்று நான் நம்புகின்றேன். மூன்றாவதைச் சொல்லும் நேரத்தில் எவராலும் காட்ட இயலாது. அதனைக் காலமே காட்டுதல் கூடும். காதலுரை ஒரு கடன்சீட்டுப் போன்றது. எழுதும்பொழுது எழுதியவன் நேர்மையாளனாய் இருக்கலாம். கடன் தீர்ந்ததா என்பது பின்னர்த்தான் தெரியும்.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகக் கூறுதல் வேண்டும். மெய்ம்மைக்குச் சான்று உயிர்விடுதலே என்று மாணவர் எண்ணிவிடலாகாது. பாண்டியன் தேவி கணவன் வீழ்ந்தவுடன் உயிர் துறந்தாள். அவளும் அன்று கணவனின் மனத்தை ஐயுற்றுத் தலைநோவென்று கூறி ஊடிச் சென்றவளே. எனினும், இவ்விரு பெண்டிருள் போற்றத்தக்கவர் யார் எனச் சேரன் செங்குட்டுவன் வினவியபொழுது, அவன் தேவி, பாண்டிமாதேவி வானுலகில் சிறப்புப் பெறுக என வாழ்த்தி, வழிபாட்டிற்கு உரியவளாகக் கண்ணகியையே சுட்டினாள். இறந்த கணவன் கள்வனல்லன் என்று அவையேறி நிறுவி, நீதி கேட்டு வென்றவள் கண்ணகி. அன்புக்குரியவரின் பெயர் காக்க எழுந்து நின்று பேசுதலும் காதலின் மெய்ம்மையே.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டில் உரையோடு அச்சேற்றிய நாள் முதல், ஊழ் என்றும் கற்பு என்றும் அரசியல் அறம் என்றும் பல கோணங்களில் அது ஆராயப்பட்டு வந்துள்ளது. அவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளைஞரும் நங்கையரும் தம் வாழ்வில் விரைவிற் சந்திக்கப்போகும் வினா, தமக்குக் கூறப்படும் அன்புமொழியை எங்ஙனம் ஏற்பது என்பது. எல்லாம் நடிப்பே என்று கற்பித்தால், மாதவியின் முடங்கலைத் தள்ளிய கோவலனாக அவர்களை ஆக்குவோம். எல்லாம் மெய்யே என்று கற்பித்தால், நிலாமுற்றத்துப் பாராட்டோடு கதை முடிந்ததாக அவர்கள் எண்ணிவிடுவர்.

ஆகவே, அன்புரை கேட்பவர் தம்மை ஒன்று வினவிக்கொள்ளட்டும்: இவர் என்னிடம் கண்டது என் நுதலையும் கண்ணையுமா, அன்றி என் இழப்பையும் அச்சத்தையுமா? அன்புரை கூறுபவரும் தம்மை ஒன்று வினவிக்கொள்ளட்டும்: நான் கூறும் 'என்றும்' என்னும் சொல்லுக்காக எத்தனை காதம் நடக்க அணியமாக இருக்கின்றேன்? கோவலனுக்கு இரண்டாம் பாராட்டைக் கூறும் அறிவு வாய்த்தபொழுது அதனை வாழ்ந்து காட்ட ஒரு நாளும் எஞ்சவில்லை. அவ்வறிவை மாணவர் காலத்தே பெறுவதற்காகவேனும் அவ்விரண்டு காதைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்போமாக.